கேட்டுச் செய்த காவல்: பிவண்டி மொஹல்லா கமிட்டிகளின் வரலாறு

அடியேன் நூல் வியாபாரி. நூல் என்றதும் புத்தகம் என்று எண்ணிவிட வேண்டாம். கோயம்புத்தூர், ராஜபாளையம் ஆலைகளிலிருந்து வரும் பருத்தி நூலை பிவண்டி விசைத்தறிக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்து, கமிஷன் பார்ப்பவன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1980-ல் இங்கே வந்தேன். மற்ற நூல்களெல்லாம் கடை அடைத்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து தானாகப் படித்தவை. ஆகையால் இக்கட்டுரையில் பண்டிதர்களுக்குரிய நடையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இதில் பாதி நான் படித்தது, பாதி நான் பார்த்தது.

ஒரு ஊரில் காவல் எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்த ஊரில் வாழும் பல சாதி, பல மத, பல மொழிக்காரர்களைக் கேட்டுச் செய்யலாமா? செய்தால் பயன் உண்டா? இதுதான் பொருள்.

மதுரையில் கேட்காமல் விட்ட கேள்வி

சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் காவியமாகவும் ஊழ்வினையின் காவியமாகவும் படிக்கிறோம். அதைக் காவல்துறையின் கதையாகவும் படிக்கலாம் என்பது என் எண்ணம். கோவலன் புகாரிலிருந்து மதுரைக்கு வந்த வெளியூர் வணிகன். நம்மைப் போலப் பிழைக்கப் போனவன்தான். பொற்கொல்லன் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து அரசன் ஆளனுப்புகிறான். வந்த காவலர்களே கோவலன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு சாஸ்திரமெல்லாம் எடுத்துச் சொல்லி அவர்களை மசிய வைக்கப் பார்க்கிறான். கடைசியில் குடிபோதையில் இருந்த படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோவலனை அறிந்தவர்கள் மதுரையில் இல்லாமல் இல்லை. கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி அவனையும் கண்ணகியையும் வழித்துணையாக அழைத்து வந்து, ஆயர்குல முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்திருந்தார். கோவலன் தங்கியிருந்தது மாதரியின் பொறுப்பில்தான். ஒரு காவலன் அந்த ஆயர்பாடிக்கு நடந்து போய், "அம்மா, இந்த ஆள் யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மாதரியும் அடைக்கலம் காக்கத் தவறினோமே என்று தீயில் விழுந்தாள், கவுந்தியடிகளும் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் என்று காப்பியம் சொல்கிறது. கேட்கப்பட வேண்டிய சாட்சிகள் கேட்கப்படாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

உளவு வேறு, ஆலோசனை வேறு

பழைய அரசுகள் ஊரை அறியாமல் ஆளவில்லை என்பதும் உண்மையே. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் நகரத்துக்கு நாகரகன் என்ற அதிகாரி. அவனுக்குக் கீழே ஸ்தானிகன், அவனுக்கும் கீழே கோபன். பத்து, இருபது, நாற்பது குடும்பங்களுக்கு ஒரு கோபன் வீதம் வைத்து, யார் எந்தச் சாதி, என்ன தொழில், என்ன வரவு, என்ன செலவு என்று கணக்கெடுக்கச் சொல்கிறது அந்நூல். அக்பர் காலத்து ஐன்-இ-அக்பரி கோத்வாலுக்கு விதித்த கடமைகளும் ஏறக்குறைய இவையே. வீடுகளைப் பதிவு செய்ய வேண்டும், நகரத்தை மொஹல்லாக்களாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவனை வைக்க வேண்டும், அவனுக்கும் தெரியாமல் ஓர் ஒற்றனையும் வைக்க வேண்டும்!

நம் தமிழ்நாட்டில் பாடிகாவல் முறை இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் அதற்கான வரியே பேசப்படுகிறது. பிற்காலத்தில் தென்மாவட்டங்களில், களவு போன பொருளைக் காவல்காரன் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. பம்பாயில் 17-ஆம் நூற்றாண்டில் கவர்னராக இருந்த ஜெரால்ட் ஆஞ்சியர் ஒவ்வொரு சமூகத்தாருக்கும் பஞ்சாயத்து அமைக்க இடங்கொடுத்தார். பண்டாரி சமூகத்தாரைக் கொண்டு காவற்படையும் இருந்தது. 1857-ல் பம்பாய்ப் போலீஸை நடத்திய சார்லஸ் ஃபோர்ஜெட் மாறுவேடத்தில் தெருத்தெருவாகத் திரிந்து சேதி பிடித்தவர் என்று பெயர் பெற்றவர். அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு 1861-ல் வந்த போலீஸ் சட்டம், ஜனங்களைக் கேட்டு நடப்பதற்காக அல்ல, ஜனங்களை அடக்கி வைப்பதற்காக வகுக்கப்பட்டது.

ஆக, இவர்களில் பெரும்பாலோர் ஜனங்களைப் *பற்றி* விசாரித்தார்கள். ஜனங்களை *யோசனை* கேட்கவில்லை. முதலாவது உளவு, இரண்டாவது ஆலோசனை. உளவு சொல்பவன் ராத்திரியில் பின்வாசல் வழியாக வருவான். ஆலோசனை சொல்பவன் பட்டப்பகலில் முன்வாசலில் வந்து, நாலு பேர் கேட்க எழுந்து நின்று பேசுவான். இந்த வித்தியாசத்தை மறந்தால் மேற்கொண்டு வரும் வரலாறு விளங்காது.

பிவண்டியில் 1970, 1984

பிவண்டி தானே மாவட்டத்து ஊர். விசைத்தறி ஊர். உத்தரப்பிரதேசத்து அன்சாரிகள், கொங்கணி முஸ்லிம்கள், தெலங்கானாவிலிருந்து வந்த பத்மசாலிகள், ஆக்ரி, கோலி, மராத்தியர், குஜராத்தியர், மார்வாடிகள் என்று தறிக்கட்டையில் விதவிதமான நூல் ஓடுவதுபோல ஜனங்கள். அவர்களுக்கு நடுவில் கொஞ்சம் தமிழர்களும் உண்டு.

1970 மே 7-ஆம் தேதி சிவஜெயந்தி ஊர்வலத்தில் கலவரம் மூண்டது. ஜல்காவ், மஹாட் வரை பரவியது. விசாரித்த நீதிபதி டி.பி. மதோன் கமிஷன், போலீஸ் நடந்துகொண்ட விதத்தையும், பிறகு வழக்குகளைப் புலனாய்ந்த விதத்தில் இருந்த பாரபட்சத்தையும் கடுமையாகக் கண்டித்தது. பதினான்கு வருஷம் கழித்து, 1984 மே மாதத்தில், மறுபடியும் கலவரம். இந்தத் தடவை தானே, பம்பாய் வரைக்கும் போயிற்று. மாண்டவர்கள் 200-க்கும் மேல்.

அப்போது எனக்கு வயது 26. நான் வேலை பார்த்த கிடங்கில் நூல் மூட்டைகள் இரண்டு நாள் புகைந்தன. பருத்தி நூல் மூட்டை சட்டென்று எரிந்து முடியாது, உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்த மாதிரி தெரியும், மறுநாள் காலையில் பார்த்தால் வேறு பக்கம் புகை வரும். ஊரும் ஐந்தாறு மாசம் அப்படித்தான் இருந்தது.

அமைதிக் குழு அக்காலத்திலும் இல்லாமல் இல்லை. பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் கூட்டம் போடுவார்கள். கஞ்சி போட்ட சட்டைக்காரர்கள் வருவார்கள், டீ குடிப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். ஏதாவது நடந்தால் அவர்களில் ஒருவரையும் தெருவில் காண முடியாது. மீதி நாளில் ஸ்டேஷனுக்கும் ஜனங்களுக்கும் என்ன தொடர்பு என்றால், திருட்டுக் கேஸ் அல்லது மாமூல்.

எழுபது கமிட்டிகள்

1988-ல் பிவண்டிக்கு டெபுடி கமிஷனராக வந்தவர் சுரேஷ் கோப்டே. அவர் எடுத்த முயற்சிதான் மொஹல்லா கமிட்டி. ஊரெங்கும் சுமார் 70 கமிட்டிகள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சரிபாதி. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் போலீஸ்காரர் உண்டு. முக்கியமான விஷயம், இதில் தலைவர்களைத் தேடிப் பிடிக்கவில்லை. தறி ஓட்டுபவன், கடைக்காரன், வாத்தியார், ரிக்ஷாக்காரன் போன்ற சாதாரண ஜனங்களைக் கூப்பிட்டார்கள். கலவரம் வந்த பிறகு கூடுவது என்றில்லாமல், ஒன்றும் நடக்காத நாளிலே கூட வேண்டும் என்பதும் முறை. பிற்பாடு கோப்டே இந்த அனுபவத்தை, மும்பை எரிந்தது, பிவண்டி ஏன் எரியவில்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து மராத்தியில் புத்தகமாகவும் எழுதினார்.

எங்கள் மொஹல்லாவுக்கு அது வந்த விதத்தைச் சொல்கிறேன். ஒருநாள் மத்தியானம் ஹவல்தார் ஒருவர் கையில் ரெஜிஸ்டரோடு கடைக்கு வந்தார். எனக்குப் பகீரென்றது.

"என்ன ஹவல்தார் சாப், என் பேர்ல ஏதாவது கம்ப்ளெயின்ட்டா?"

"கம்ப்ளெயின்ட் இல்ல அண்ணா. சனிக்கிழமை சாயந்திரம் ஸ்கூல்ல மீட்டிங். வந்து உட்காருங்க. மொஹல்லாவுல என்ன குறைன்னு சொல்லுங்க."

போலீஸ்காரர் நம்மிடம் குறை கேட்டு வருவது என்பது அதுவரை நான் கேள்விப்படாத சங்கதி. ரெஜிஸ்டரில் இரண்டே பத்தி. ஒன்று ஹிந்து, ஒன்று முஸ்லிம். அவர் கேட்காமலே என்னை ஹிந்துப் பத்தியில் எழுதினார். நான் ஜைனன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "மதராசியிலயும் ஜைன் உண்டா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதே தெருவில் இருந்த மார்வாடி ஜைனர்களுக்கே நான் சொல்லித்தான் தெரியும்! மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றியும், திருநாதர்குன்றைப் பற்றியும், தமிழ் பேசும் நயினார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கடைசியில் ஹிந்துப் பத்தியிலேயே இருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்த பத்மசாலித் தறிக்காரர், "அண்ணா, எனக்கும் உங்களுக்கும் பத்தி எதுவானால் என்ன, தெருவிளக்கு ஒண்ணுதானே" என்றார்.

முதல் கூட்டத்தில் மதம் என்ற பேச்சே வரவில்லை. எரியாத தெருவிளக்கு, குழாயடிச் சண்டை, மசூதிச் சந்தை மறிக்கும் கைவண்டிகள், பரீட்சை நேரத்தில் கணபதிப் பந்தல் ஒலிபெருக்கி, ராத்திரி முழுக்க ஓடும் தறிச் சத்தம். சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சில காரியங்கள் நடந்தன, சில நடக்கவில்லை. ஆனால் குழாயடியில் இரண்டு பொம்பளைகள் சண்டை போட்டால் அது ரெண்டு மதத்துச் சண்டையாகப் போகிற வழி அடைபட்டது.

மூன்றாவது கூட்டத்தில் நான் எழுந்து ஒரு விஷயம் சொன்னேன். எங்கள் கிடங்குகளில் மூட்டை தூக்கும் திருநெல்வேலிப் பையன்கள் இருந்தார்கள். ஹிந்தி சரியாக வராது. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, பதில் சொல்லாததே குற்றமாகிவிடும். "சாப், பிடிக்கறதுக்கு முன்னால எங்க யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்க. அவன் திருடன்னா நாங்களே சொல்றோம்" என்றேன். என் பேச்சை முதலில் ஆதரித்தவர் ஒரு அன்சாரி பாய். அவருடைய ஊர்ப் பையன்களுக்கும் இதே கதிதான். அதிலிருந்து, எங்கள் பகுதியில் தமிழ்ப் பையன் மேல் சந்தேகம் வந்தால் எனக்கு ஆள் வரும். நான் போய் மொழி சொல்வேன். இரண்டு தடவை பையன் நிரபராதி என்று விட்டார்கள். ஒரு தடவை அவன்தான் எடுத்தான், அதையும் நானே கேட்டுச் சொன்னேன். கோவலனுக்கு வாய்க்காத மாதரியின் வேலை எனக்கு வாய்த்தது என்று அப்போது பெருமைப்பட்டதுண்டு.

1992 டிசம்பர்

1992 டிசம்பர் 6-க்குப் பிறகு பம்பாய் எரிந்தது. டிசம்பரிலும் 1993 ஜனவரியிலுமாக 900 பேர் மாண்டார்கள் என்பது நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் தந்த கணக்கு. 1998-ல் சமர்ப்பிக்கப்பட்ட அந்த அறிக்கையும் போலீஸின் பாரபட்சத்தைக் குறிப்பிட்டது. நம்மவர்கள் பல்லாயிரம் பேர் வாழும் தாராவி ஆரம்பத்திலேயே அடிபட்ட இடம்.

1970-லும் 1984-லும் எரிந்த பிவண்டியோ, இம்முறை எரியவில்லை. கோப்டே அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டிருந்தாலும் கமிட்டிகள் உயிரோடு இருந்தன. நாங்கள் ராத்திரி முறைவைத்துத் தெருமுனையில் உட்கார்ந்தோம். வதந்திதான் பெரிய விஷம். ஒருநாள் ராத்திரி, அடுத்த நாக்காவில் இருவரை வெட்டிவிட்டார்கள் என்று சேதி வந்தது. ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. அன்சாரி பாயும் பத்மசாலித் தறிக்காரரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, "லாரி டயர் வெடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார்கள். அந்த அரைமணி நேரம் நாங்கள் பட்டபாடு எழுதி முடியாது.

பிவண்டியின் படிப்பினை பம்பாய்க்கும் போனது. 1990-களின் நடுவில் அப்போதைய போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, ஓய்வுபெற்ற அதிகாரி ஜூலியோ ரிபைரோ, சமூகப் பணியாளர் சுஷோபா பார்வே ஆகியோர் முயற்சியில் அங்கும் மொஹல்லா கமிட்டி இயக்கம் தோன்றியது. தாராவியில் பாவ் கோர்டே, வகார் கான் என்ற இரு நண்பர்கள் வீதி வீதியாக ஒற்றுமைப் பணி செய்தார்கள். அவர்களைப் பற்றி "நாத்தா" என்ற ஆவணப்படமும் 2003-ல் வந்தது.

இது நம் நாட்டு விஷயம் மட்டுமன்று. லண்டன் பிரிக்ஸ்டனில் 1981-ல் நடந்த கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, உள்ளூர் ஜனங்களைப் போலீஸ் கலந்தாலோசிக்க வேண்டும் என்றார். 1984-ல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். பிவண்டியில் சட்டம் ஏதும் கிடையாது. ஓர் அதிகாரியின் மனசும், ஊராரின் பொறுமையும்தான் இருந்தன. அதுவே அதன் பலவீனமாகவும் முடிந்தது.

நின்றுபோன கூட்டங்கள்

அதிகாரிகள் மாறினார்கள். வாரக் கூட்டம் மாதக் கூட்டமாயிற்று, பிறகு பண்டிகைக் கூட்டமாயிற்று. பழைய கஞ்சிச் சட்டைகள் மெல்லத் திரும்பி வந்தன. கமிட்டி அட்டையைக் காட்டிக் காரியம் சாதிப்பவர்கள் முளைத்தார்கள். எனக்கும் வியாபாரம் பெருகியிருந்தது. கூட்டத்துக்குப் போவதை நானும் விட்டுவிட்டேன். யாரையோ குறை சொல்லி இதை முடித்துவிடலாம், ஆனால் உண்மை அதுதான்.

2003-ல் ஒரு திருட்டு. மூட்டை தூக்கும் பையன் ஒருவனைப் பிடித்து மூன்று ராத்திரி வைத்திருந்தார்கள். அவன் பாஷை புரியாமல் விழித்திருக்கிறான். புதிதாக வந்திருந்த அதிகாரிகளுக்கு என்னைத் தெரியாது. எனக்குச் சேதி வந்தது நாலாம் நாள். பொருளை எடுத்தவன் வேறொருவன் என்று பிற்பாடு தெரிந்தது. பையன் வெளியே வந்ததும் என் கடைக்கு வந்தான். ஒன்றும் பேசவில்லை. கணக்கு முடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு ரயிலேறினான், திரும்பி வரவேயில்லை. மாதரி பட்ட துக்கம் இன்னதென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

2006 ஜூலையில் பிவண்டிக்கு இன்னொரு சோதனை. கப்ரஸ்தானை ஒட்டிய நிலத்தில் புதிய காவல் நிலையம் கட்டுவதைப் பற்றிய தகராறு. கூட்டம் கூடியது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். அன்றிரவு இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். காவல் நிலையத்தை எங்கே கட்டுவது என்பதிலேயே நாலு உயிர் போயிற்று! இதில் ஒரு சிறு ஆறுதல், அது ஹிந்து முஸ்லிம் கலவரமாக மாறவில்லை. பழைய கமிட்டிகள் விட்டுச்சென்ற பழக்கம் ஊருக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

நம் தமிழ்நாட்டு அனுபவத்தையும் இங்கே ஒப்பிடலாம். 1993-ல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற அதிகாரி போலீஸ் நண்பர்கள் குழுவைத் தொடங்கினார். திருச்சியில் 1999 முதல் கமிஷனராக இருந்த ஜே.கே. திரிபாதி, பகுதிக் காவலர்களையும் புகார்ப் பெட்டிகளையும் வைத்துப் பெயர் பெற்றார். ஆனால் 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்ட பிறகு, போலீஸ் நண்பர்களின் மேல் எழுந்த புகார்களால் அக்குழுவைப் பயன்படுத்தத் தமிழக அரசு தடை விதித்தது. ஆலோசனை சொல்ல வந்தவன் லத்தியைத் தூக்க ஆரம்பித்தால் அவன் ஊராரின் ஆள் இல்லை, போலீஸின் ஆள். ஊர் அவனிடம் உண்மை பேசாது.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து எனக்குத் தோன்றுவன சில.

முதலாவது, கேட்க வேண்டியது சமாதான காலத்தில். வீடு எரியும்போது கிணறு தோண்ட முடியாது. இரண்டாவது, தலைவர்களை மட்டும் கேட்டால் தலைவர்களின் குறைதான் தெரியும். பெண்களை எங்கள் கமிட்டியில் அனேகமாகக் கூப்பிடவே இல்லை. குழாயடியில் நிற்பவர்கள் அவர்கள், பேசியவர்கள் நாங்கள்! அது பெரிய குறை. மூன்றாவது, இரண்டே பத்தி போட்ட ரெஜிஸ்டரில் ஊர் அடங்காது. பத்மசாலியும், தமிழ் ஜைனனும், திருநெல்வேலிக் கூலிப் பையனும் எந்தப் பத்தி? மதம் தவிர மொழி, தொழில், பிழைக்க வந்த காலம் என்று பல வேற்றுமைகள் உண்டு. புதிதாக வந்தவன்தான் முதலில் சந்தேகப்படுகிறவன், அவனைத்தான் கடைசியில் கேட்கிறார்கள். நான்காவது, கேட்டதை எழுதி வைத்து, அடுத்த கூட்டத்தில் என்ன செய்தோம் என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராத கூட்டத்துக்கு ஜனங்கள் மூன்றாம் தடவை வர மாட்டார்கள்.

எங்கள் மரபில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அதன் சாரம். அது தத்துவச் சபைக்கு மட்டும் உரியது என்று முன்பு நினைத்திருந்தேன். ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து தெருவிளக்கைப் பற்றிப் பேசிய சனிக்கிழமைகளில்தான் அதன் உபயோகம் தெரிந்தது.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்றாகவே நடத்துகிறோம். ஆனால் உங்கள் பகுதிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் எத்தனை பேர் போகிறோம்? "நமக்கெதுக்கு வம்பு" என்பதுதான் பதில். தமிழும் ஹிந்தியும் மராத்தியும் தெரிந்த நாலைந்து பேர் ஒவ்வொரு பகுதியிலும் முன்வந்து, தங்கள் பேரையும் டெலிபோன் நம்பரையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிடிபட்ட பையன் ஒருவனுக்கு மொழி சொல்ல ஆள் வேண்டும் என்றால், யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதிகாரி மாறினால் மறுபடியும் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, ராத்திரியில் கண் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே, கூட வர இளைஞர்கள் சிலர் தேவை.